புளி போட்டுத் தேய்த்த வாட்ச் செயின்

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளில் தாமரையின் பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் விளக்குத் தேய்ப்பதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், வாசல் குழாயடியில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் ஊறவைத்த புளி, ஒரு கிண்ணத்தில் திருநீறு. குத்துவிளக்கு, செம்பு, மணி என்று ஒவ்வொன்றாய் எடுத்து அவள் தேய்க்கிற தேய்ப்பில் சாமி அறைக்குள் நுழைந்தால் கண் கூசும். பித்தளையோடு நின்றாலும் பரவாயில்லை. கேட்டின் தாழ்ப்பாள், குழாயின் மூக்கு, எதிர்வீட்டு பாலனின் மோட்டார் சைக்கிள் கைப்பிடி வரைக்கும் அவள் கை நீளும். பாலன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டான்.

"நான் ஒரு எடத்துல அசையாம உக்காந்தா என்னையும் புளி போட்டு விளக்கிருவா லா," என்பார் அவள் புருஷன் கன்னையா.

அசையாமல் உட்காருகிற வழக்கமே அந்த மனிதருக்கு இருந்ததில்லை. முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். போர்ட் கிள்ளானில் ஏற்றி ஜொகூரில் இறக்குவார். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றி செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்குவார். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், எழுந்ததும் சாவியைத் தேடுவார். மகள் கார்த்திகா மூன்று வயதில் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு, "அம்மா, லோரி அங்கிள் வந்திருக்காரு," என்று கூவியிருக்கிறாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தாமரையும் சிரிப்பாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திவிடுவாள்.

அத்தனை வருஷமும் கன்னையாவின் இடது மணிக்கட்டில் ஒரு வாட்ச் இருந்தது. கல்யாணத்தன்று பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளையின் கையில் வாட்ச் கட்டிவிடுவது அவர்கள் சொந்தத்தில் வழக்கம். தாமரையின் அண்ணன் லோகன் மேடையில் வைத்துக் கட்டிவிட்டது அது. எஃகுச் செயின் போட்ட ஜப்பான் வாட்ச். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை. "ஒங்க அண்ணன் பூட்டுன விலங்கு," என்று தாமரையைச் சீண்டுவார். சீண்டிவிட்டுச் சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

பிறகு சர்க்கரை வந்தது. சர்க்கரை மெதுவாக உட்கார்ந்து அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் தின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்து, இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஊசி ஏற்றுவதற்கு அந்த இடம்தான் வழியாம். அதனால் அந்தக் கையில் வாட்ச் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. தினமும் காலையில் அந்தத் தையலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும்.

கன்னையா தொட்டுப் பார்ப்பதில்லை. தாமரைதான் விடிந்ததும் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிற கையில் இரண்டு விரலை வைப்பாள். விர்ரென்று தெரிந்ததும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் அவள் வறுத்து வைத்த மீகோரெங் நூடுல்ஸுக்குப் பிள்ளைகள் வரிசையில் அடித்துக்கொள்வார்கள். அந்தக் கேன்டீனை விட்டாள். சும்மா கிடந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு பழைய காஞ்சில் காரை ஓட்டிப் பழகினாள். முப்பது வருஷ லோரிக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சிக்னல் வருமுன்பே இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார்.

வாட்ச் அலமாரிக்குள் போயிற்று. வலது கையில் கட்டிக்கொள்ளலாமே என்று கார்த்திகா கேட்டதற்கு, "வலது கைல கட்டுனா யாரோ ஒருத்தன் கை மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது இந்த வருஷம்தான். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை யுகேந்திரன் சாலாக் செலாத்தான் பையன். கண்ணாடி வாங்க வந்து, வாங்கிய கண்ணாடி சரியில்லை சரியில்லை என்று வாரா வாரம் வந்துகொண்டிருந்தவன். கார்த்திகாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. வாட்ச் கட்டிவிடுவது அப்பாவின் வேலை என்று ஆயிற்று.

"மாப்பிள்ளைக்கு வாட்ச் பாக்கணுமே," என்று தாமரை பேச்சை எடுத்தாள்.

"புதுசு எதுக்கு? என்னோடது சும்மாத்தானே கெடக்கு. நல்ல வாட்ச். அதையே குடுத்துருவோம்."

தாமரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் அண்ணன் கட்டிவிட்ட வாட்ச் தன் மருமகன் கைக்குப் போகிறது! உடனே லோகனுக்குப் போன் போட்டாள். லோகனின் பெண்டாட்டிக்கும் தனியாகப் போட்டாள். கன்னையா இரண்டு மாதமாகவே இப்படித் தாராளமாகத்தான் இருந்தார். கருவிப் பெட்டியை பாலனுக்குத் தூக்கிக் கொடுத்தார். தூண்டில் கழிகளை யாருக்கோ கொடுத்தார். லோரிக்குப் போட்டுக்கொண்டு போகும் தோல் கையுறையும் போனது. வீட்டில் அடைசல் குறைகிறதே என்று தாமரை சந்தோஷப்பட்டாள். சுத்தம் சுத்தம் என்று கிடப்பவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வாட்சை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அதன் கோலம் தெரிந்தது. முப்பது வருஷத்து வேர்வை, கிரீஸ், ரோட்டுத் தூசி எல்லாம் செயினின் கண்ணிகளுக்கு நடுவில் கறுப்பாக உறைந்து கிடந்தன. இதை எப்படி மாப்பிள்ளை கையில் கட்டுவது? அன்று வியாழக்கிழமை வேறு. புளியும் திருநீறும் தயாராக இருந்தன.

செய்துவிட்டாள். வாட்சின் முகத்தைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கிச் சுற்றிவிட்டு, செயினைக் குத்துவிளக்கின் தண்டு என்று நினைத்துக்கொண்டு தேய்த்துத் தள்ளினாள். மேலே பளபளவென்று வந்தது. கழுவி, துடைத்து, காற்றாடிக்கு அடியில் காயவைத்தாள். காய்ந்த பிறகு எடுத்தால் செயின் மடங்கவில்லை. ஈரத் திருநீறு கண்ணிக்குக் கண்ணி உள்ளே இறங்கி, பழைய அழுக்கோடு சேர்ந்து, சிமெண்டு போட்டாற்போல இறுகியிருந்தது. கையில் பிடித்தால் காய்ந்த கருவாடு மாதிரி நேராக நின்றது.

கன்னையா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

"முப்பது வருஷம் லோரில கெடந்தப்பகூட அதுக்கு ஒண்ணும் ஆகல. உன் கைல ஒரு மத்தியானம் தாங்கலையே தாமரை!"

மறுநாள் கார்த்திகா கடையிலிருந்து வரும்போது ஒரு சின்ன மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்க்கச் சோறு கட்டிப்போகிற டப்பா அளவுதான். கடையில் மூக்குக்கண்ணாடி கழுவுகிற மிஷின். புதிது வாங்கிவிட்டதால் பழையதை முதலாளி இவளிடம் கொடுத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டு விட்டாள். மெல்லிய ஊசியால் வாட்சின் இரண்டு பக்கத்துப் பின்னையும் நெம்பி முகத்தைத் தனியே கழற்றி வைத்தாள்.

"இதத் தண்ணில போடவே கூடாது ம்மா. செயின் மட்டுந்தான்."

செயினைக் கூடையில் வைத்து இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் கீச்சென்று முனக ஆரம்பித்தது.

"காதுக்குக் கேக்காத சத்தம் ம்மா இது. அது தண்ணிக்குள்ள சின்னச் சின்னக் குமிழி உண்டாக்கி, இடுக்குல இருக்கற அழுக்கத் தட்டி எடுத்துரும்."

"கேக்காத சத்தமா? எனக்கு நல்லாக் கேக்குதே, கொசு மாதிரி," என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த கன்னையா.

முதலில் பால்போல் வெள்ளையாக ஏதோ கிளம்பி வந்தது. அது தாமரையின் திருநீறு. கார்த்திகா அம்மாவைப் பார்த்தாள்; அம்மா காற்றாடியைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் கண்ணிகளுக்குள்ளிருந்து கரும்புகையாக அழுக்கு இறங்க ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை, யாரும் தேய்க்கவில்லை. தானாக அவிழ்ந்து தண்ணீரில் பரவியது. தாமரை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்கத் தோள் வலிக்கத் தேய்த்தவளுக்கு, தேய்க்காமலே ஒன்று சுத்தமாவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மிஷின் ஓடுகிறபோது அதன் பக்கவாட்டில் விரலை வைத்தாள். உள்ளே விர்ரென்று அதிர்ந்தது. விடியற்காலையில் அவர் கையில் தொட்டுப் பார்ப்பாளே, அதே விர்ர். அவளுக்கு அந்த மிஷின் மேல் பிரியம் வந்தது அப்போதுதான். தண்ணீரை மாற்றி மாற்றி விட்டு, நடுநடுவே பழைய பல்துலக்கியால் கார்த்திகா மெதுவாகத் தட்டிக்கொடுக்க, கடைசியில் தண்ணீர் தெளிந்தது. நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்தபோது செயின் அவள் விரல்களுக்கு நடுவில் வழிந்தது. கல்யாணம் கட்டிய அன்றைக்கு இருந்ததே, அதே செயின்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் சென்டரில், கன்னையா மிஷினோடு கண்ணயர்ந்திருந்த நேரத்தில், தாமரை மிஸி ஷபானாவைப் பிடித்துக்கொண்டாள். அந்த நர்ஸ் பெண்ணிடம் எதையும் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. புளிக் கதையைச் சொன்னாள், மிஷின் கதையைச் சொன்னாள், வாட்ச் மாப்பிள்ளைக்குப் போகப்போகிற பெருமையையும் சொன்னாள்.

ஷபானா சிரித்துக்கொண்டே கேட்டவள், கடைசியில் சிரிப்பை விட்டுவிட்டாள்.

"அங்கிள் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா ஆன்ட்டி?"

"என்ன சொல்லணும்?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "நான் சொல்லக்கூடாதுதான். டாக்டரும் அவர்கிட்டப் பேசிப் பாத்துட்டாரு. கல்யாணம் வரைக்குந்தான் வருவேன், அதுக்கப்புறம் என் ஸ்லாட்ட வேற யாருக்காச்சும் குடுத்துருங்க மிஸின்னு சொல்லிட்டாரு. உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரு. சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று தாமரைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறையில் காலியான நாற்காலிகளை அவள் பார்த்திருக்கிறாள். கருவிப் பெட்டி, தூண்டில், கையுறை, வாட்ச். வீடு சுத்தமாகிறது என்று சந்தோஷப்பட்டாளே, மடச்சி! ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததை அவள் பக்கத்தில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடைத்துக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்யறதா இருக்கீங்க?"

அவர் காலடியில் இல்லாத பிரேக் அசைந்தது.

"மிஸி சொல்லிருச்சா?"

"நீங்க சொல்லல. அதான் அவ சொன்னா."

பச்சை விழுந்து, பின்னால் ஹார்ன் அடித்து, கார் நகர்ந்த பிறகுதான் கன்னையா பேசினார். "களைச்சுப் போச்சு தாமரை. ஒரு நாளு மிஷின், மறுநாளு படுக்கை. எனக்கு மட்டுமா? நான் அந்த நாற்காலில சாஞ்சுக்கறேன். நீ அந்தப் பிளாஸ்டிக் நாற்காலில முதுகு ஒடிய உக்காந்திருக்க. கேன்டீன விட்ட. இந்தப் பிள்ளைய ஒருத்தன் கைல புடிச்சுக் குடுத்துட்டா எனக்கு வேற என்ன இருக்கு? ஒன்னையும் இந்தக் கஷ்டத்துலேருந்து விட்டுருவோம்னுதான்."

வீட்டுக்கு வந்து சேர்ந்து, அவரைப் படுக்கவைத்து, தாமரை சமையலறையில் போய் நின்றாள். கோபம் வந்தது. அழுகை வந்தது. இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது, பூக் கட்டுகிற நூலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், வலது மணிக்கட்டைச் சுற்றி அளந்தாள். எவ்வளவு மெலிந்துவிட்டது! சாயங்காலம் கார்த்திகாவிடம் செயினையும் நூலையும் கொடுத்தாள்.

"இந்த அளவுக்குக் கண்ணிய எடுத்துட்டு, வாட்சோட சேத்துக் குடு."

கார்த்திகா நூலைத் தன் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தாள். "இது அவரு அளவு இல்லையே ம்மா. அவரு கை என்னோடதவிடப் பெருசு."

"உங்க அப்பா அளவு."

பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. அப்பா கொடுத்த கருவிப் பெட்டியை பாலன் வீட்டில் அவளும் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன ஊசியை எடுத்து, ஒவ்வொரு கண்ணியாய்ப் பின் தள்ளிக் கழற்ற ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு தடவை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷபானா எப்போதும்போல் கன்னையாவின் இடது கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டி, "இந்தக் கைய ஆட்டக்கூடாது அங்கிள்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. தாமரை பிளாஸ்டிக் நாற்காலியை வலது பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த வாட்சை எடுத்து, அவர் வலது கையைத் தூக்கி, நுழைத்து, பூட்டை மடக்கினாள். டக்.

"என்ன இது?"

"வாட்ச்."

"அது தெரியுது. மாப்பிள்ளைக்குக் குடுக்கறத எதுக்கு என் கைல மாட்டற? கழட்டு."

"நீங்களே கழட்டிக்குங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நாலு மணி நேரத்துக்கு ஊசியோடு நாற்காலியில் கிடக்கிறது, ஆட்டவே கூடாது. கன்னையா விடுகிற ஆளா? கையை உதறினார். நாற்காலி விளிம்பில் வைத்துப் பூட்டை அழுத்திப் பார்த்தார். கடைசியில் மணிக்கட்டைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் நெம்பப் பார்த்தார்.

அந்தப் பக்கமாக வந்த ஷபானா நின்றாள். "பசிக்குதுன்னா சொல்லுங்க அங்கிள், பிஸ்கட் தரேன். வாட்சத் திங்காதீங்க."

அவர் கையை இறக்கினார். இறக்கிய கையில் வினாடி முள் நடந்துகொண்டிருந்தது. கை அசைந்தால் தானே ஓடுகிற ரகம் அது. அலமாரியில் கிடந்தவரை நின்றுபோயிருந்தது. அவர் உதறிய உதறலில் கிளம்பிவிட்டது.

"ஓடுது," என்றாள் தாமரை.

"ஓடட்டும், போ," என்றார் எரிச்சலோடு. வேர்த்திருந்தது. அவள் கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"அன்னைக்குக் கார்ல நீங்க பேசுனீங்க. எனக்குப் பேச வரல. இன்னைக்கு நான் பேசறேன், நீங்க எழுந்து போக முடியாது. முப்பது வருஷம் என்னைக்காச்சும் ஒரு காலைல நாலு மணி நேரம் என் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கீங்களா? லோரிக்குக் குடுத்தீங்க. ரோட்டுக்குக் குடுத்தீங்க. ஒங்க பிள்ளையே ஒங்கள அங்கிள்னு கூப்பிட்டுச்சு. இந்த ரெண்டு வருஷமாத்தான் வாரத்துக்கு மூணு நாளு நீங்க எங்கயும் போகாம என் பக்கத்துல இருக்கீங்க. நான் பேசறேன், நீங்க கேக்கறீங்க. தூங்குனாலும் பரவால்ல, பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலில நான் கஷ்டப்பட்டு உக்காந்திருக்கேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கன்னையா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"கேன்டீன் எனக்குப் புடிக்கும்தான். அந்தப் பிள்ளைங்கள நெனச்சா இன்னும் ஏங்கும். அதவிட ஒங்களப் புடிக்கும். இதக்கூட வாய் விட்டுச் சொன்னாத்தான் தெரியுமா?" அவள் கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "களைச்சுப் போயிட்டீங்க, எனக்குத் தெரியுது. போதும்னு ஒங்களுக்குத் தோணுனா நான் காலக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. ஆனா எனக்காகன்னு சொல்லி விடாதீங்க. எனக்காகன்னா, இன்னும் கொஞ்ச நாளு களைச்சுப் போங்க."

வாட்ச் கட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு காதுப் பக்கமாக இறங்கியது. துடைக்க அவருக்குக் கை இல்லை. அவளே துடைத்தாள்.

அதற்கப்புறம் அவர் தூங்கவில்லை. இடையில் ஒருதரம், "முதுகு வலிக்குதுன்னு போன வாரம் சொன்னியே," என்றார்.

"வலிக்குதுதான். ஒரு தலகாணி எடுத்தாந்தா சரியாப்போயிரும்."

முடிகிற நேரத்தில் ஷபானா வந்து ஊசிகளை உருவி, அந்த இடத்தில் பஞ்சை வைத்தாள். பஞ்சை அவரே வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், ரத்தம் நிற்கும்வரை. மற்ற நாட்களில் "போதுமா மிஸி, போதுமா மிஸி" என்று நச்சரிப்பவர், இன்றைக்குக் கண்ணுக்கு நேராக இருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பஞ்சை எடுக்க ஷபானா கை நீட்டியபோது, "இரு லா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார்.

இப்போது அவருக்கு இரண்டு கையும் வந்துவிட்டது. பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. தாமரை அவர் இடது கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். இதோ கழற்றப்போகிறார், இதோ பூட்டுக்குப் போகிறது விரல். விரல் பூட்டுக்குப் போகவும் செய்தது. செயினைக் கொஞ்சம் மேலே தள்ளி, திருப்பி, வாட்சின் முகம் மேலே பார்க்கும்படி சரிசெய்துவிட்டு நின்றது.

"மாப்பிள்ளைக்கு வேற வாங்கணும்," என்றார், அவளைப் பார்க்காமல்.

தாமரை மூச்சு விடப் பயந்தாள். ஒரு வாட்சை வைத்துக்கொள்வதாலேயே ஒருவர் இருக்கப்போகிறார் என்று ஆகிவிடுமா? டயாலிசிஸ் முடிந்து எடை பார்க்கப் போனவருக்குச் செருப்பை எடுத்து வைத்துவிட்டு, கைப்பைக்குள் கார்ச் சாவியைத் தேடுகிற சாக்கில் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

எடை மிஷினிலிருந்து இறங்கிய கன்னையா, நேராக ஷபானாவின் மேசைக்குப் போனார்.

"இந்தாம்மா, ஒரு ஒதவி. ஞாயித்துக்கெழமை கல்யாணம். மறுநாளு வீடு பூரா ஆளுங்க இருப்பாங்க, காலைல விட்டுட்டு வர முடியாது. திங்கக்கெழமைக்கு மட்டும் என் ஸ்லாட்ட மத்தியானத்துக்கு மாத்தி வைக்கிறியா?"

ஷபானாவுக்கு நன்றாகத்தான் கேட்டது. இருந்தும், பின்னால் நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று, "எந்தத் திங்கள் அங்கிள்?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"கல்யாணத்துக்கு மறுநாளு. அதுக்கடுத்த புதன் எப்பவும்போல காலைலயே வந்துருவேன்."

சாவி கையில் அகப்பட்டிருந்தது. தாமரை அதைப் பைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் இருக்கிற இடத்தில், வெட்கமே இல்லாமல் அழுதாள்.